விண்கலப் பாதைக் கோப்பில் ஒரு நாளைச் சேர்ப்பது



காசினி விண்கலம் 1997 அக்டோபர் 15ஆம் தேதி புறப்பட்டது. 2017 செப்டம்பர் 15ஆம் தேதி சனிக் கோளின் வளிமண்டலத்துக்குள் பாய்ந்து எரிந்துபோனது. இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். சனியைச் சுற்றிவந்த காலத்தில் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நிமிடத்தைச் சொல்லி, அப்போது அது எங்கே இருந்தது, என்ன வேகத்தில் போனது என்று கேட்டால், இன்றைக்கும் ஒரு மடிக்கணினியில் நாலு வரி நிரல் எழுதி விடை வாங்கிவிடலாம். அந்த விடை இருப்பது கோப்புகளில். அந்தக் கோப்புகளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதிலும் ஒரே ஒரு வேலையைப் பற்றி: ஏற்கெனவே இருக்கிற பாதைக் கோப்பில் புதிதாக ஒரு நாள் தரவைச் சேர்ப்பது. இதற்கு ஒரு மணி நேரமா என்று சிலர் நினைக்கலாம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

முதலில், ஏன் சேர்க்க வேண்டியிருக்கிறது? சனிக்குப் போகிற கலத்துக்கு ஜிபிஎஸ் கிடையாது. கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினில் மாட்ரிட், ஆஸ்திரேலியாவில் கான்பெரா என்று பூமியின் மூன்று பக்கங்களில் நாசாவின் பெரிய ஆன்டெனாக்கள் இருக்கின்றன. சிக்னல் போய்வர எவ்வளவு நேரமாயிற்று, அதன் அதிர்வெண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அவை அளக்கின்றன. அந்த அளவுகளை வைத்து வழிநடத்தும் குழு கலத்தின் பாதையைக் கணக்கிடுகிறது. கணக்கு ஒரே மூச்சில் முடிவதில்லை. நேற்றுவரை கலம் போன பாதை ஓரளவு உறுதியாகத் தெரியும்; நாளை போகப்போகும் பாதை கணிப்புதான். நாளை வந்ததும் புதிய அளவுகள் வரும், கணிப்பு மாறும், போன வாரம் 'உறுதி' என்று சொன்னதுகூடச் சற்றே திருத்தப்படும். ஆகவே பாதை என்பது தவணை தவணையாகத்தான் வந்துசேரும். ஒவ்வொரு தவணையும் எங்கேயோ எழுதப்பட வேண்டும்.

எழுதப்படும் இடம் ஸ்பைஸ் என்ற அமைப்பின் கோப்பு. பாசடேனாவில் உள்ள நாசாவின் ஜெட் புரொப்பல்ஷன் லேபரட்டரியில் நைஃப் என்று ஒரு சிறு குழு உண்டு. சார்லஸ் ஆக்டன் நெடுங்காலம் அதற்குத் தலைமை தாங்கினார். விண்கலம் எங்கே, கோள் எங்கே, கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, மணி என்ன என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரே விதமாகப் பதில் சொல்ல அந்தக் குழு உருவாக்கியதுதான் ஸ்பைஸ். அதில் இருப்பிடத்துக்கான கோப்பை எஸ்பிகே என்பார்கள். நாசாவோடு நிற்கவில்லை; ஐரோப்பியர்களும் ஜப்பானியர்களும் இதையே பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு எதிர்மறை எண் உண்டு. வாயேஜர் 1 என்றால் -31, காசினி -82. நம் சந்திரயான் 1க்கு -86, மங்கள்யானுக்கு -3. பூமி 399, செவ்வாய் 499, சந்திரன் 301.

இந்த மென்பொருள் எழுதப்பட்ட மொழி ஃபோர்ட்ரான் 77. அந்த மொழியின் தரவிதிப்படி ஒரு பெயரில் ஆறு எழுத்துக்குமேல் கூடாது. அதனால்தான் இதில் உள்ள துணைநிரல்களின் பெயர்கள் எல்லாம் எஸ்பிகே-ஓபிஎன், எஸ்பிகே-ஓபிஏ, எஸ்பிகே-சிஎல்எஸ் என்று தந்தி மொழியில் இருக்கின்றன. (நடுவில் நான் போடும் கோடு நீங்கள் படிக்க வசதியாக.) ஃபோர்ட்ரான் 1957இல் ஐபிஎம் 704 இயந்திரத்துக்காக ஜான் பேக்கஸின் குழு உருவாக்கிய மொழி. அது செத்துப்போய்விட்டது என்று கல்லூரிகளில் பேசிக்கொள்கிறார்கள். பைத்தானில் ஸ்பைஸைப் பயன்படுத்தும் மாணவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் பைத்தான் அழைப்பது ஒரு சி நூலகத்தை. அந்த சி நூலகம் மூல ஃபோர்ட்ரானை எந்திரத்தனமாக சி ஆக்கிப் பெற்றது. நீங்கள் அறியாமலே தினமும் ஃபோர்ட்ரான் தருக்கத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. எண்பதுகளின் நடையில் எழுதிய நிரலை இன்றைய கம்பைலர் முணுமுணுக்காமல் ஏற்கிறது என்றால், அந்த மொழிக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஃபோர்ட்ரான் தெரிந்த ஒருவரிடம் 'கோப்பின் கடைசியில் சேர்' என்றால் அவர் மனத்தில் முதலில் வருவது தொடர் கோப்பு. கோப்பைத் திற, கடைசிக்குப் போ, எழுது. 90ஆம் ஆண்டுத் தரவிதியில் இதற்கென்றே திறக்கும்போது நிலையைக் 'கடைசி' என்று சொல்லும் வசதி வந்தது. பாதைக் கோப்பில் இந்த வழி வேலைக்காகாது. இன்னும் சொல்லப்போனால், யுனிக்ஸில் இரண்டு எஸ்பிகே கோப்புகளை 'கேட்' கட்டளையால் ஒட்டிப் பாருங்கள். பிழைச்செய்தி எதுவும் வராது. கோப்பின் அளவு இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்கும். ஆனால் இரண்டாவது கோப்பில் இருந்த தரவு படிக்கும் நிரலின் கண்ணுக்கே தெரியாது. பைட்டுகள் உள்ளே இருக்கும், யாரும் அவற்றைத் தேடிப் போகமாட்டார்கள்.

ஏன் என்று புரிய, கோப்பின் உள்ளே போக வேண்டும்.

எஸ்பிகே கோப்பு 1024 பைட் அளவுள்ள பதிவுகளால் ஆனது. ஒவ்வொரு பதிவிலும் 128 இரட்டைத் துல்லிய எண்கள். ஃபோர்ட்ரான் பாஷையில் இது நேரடி அணுகல் கோப்பு. 500ஆவது பதிவு வேண்டுமென்றால் முந்தைய 499ஐப் படிக்காமல் நேரே அங்கே போய் எடுக்கலாம், எழுதலாம். சொந்தமாக இதைத் திறந்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பதிவின் நீளத்தை ஜிஃபோர்ட்ரான் பைட்டில் எண்ணும். இன்டெல் கம்பைலரோ, வேறு மாதிரி சொல்லாவிட்டால், நான்கு பைட்டை ஒன்றாக எண்ணும். 1024 என்று இரண்டிலும் எழுதினால் ஒன்றில் சரியாகப் படிக்கும், மற்றொன்றில் நான்கு மடங்கு நீளப் பதிவு என்று நினைத்துக்கொள்ளும்.

முதல் பதிவு கோப்பின் முகப்பு. முதல் எட்டு பைட்டில் இது என்ன வகைக் கோப்பு என்ற அடையாளம். அடுத்து இரண்டு முழு எண்கள், 2 என்றும் 6 என்றும். அவை எதற்கு என்று சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். 17இலிருந்து 76ஆவது பைட்வரை கோப்பின் உட்பெயர், 60 எழுத்து. அதன்பின் மூன்று முழு எண்கள் வரும். இன்றைய பேச்சின் உயிர்நாடி அவைதாம். முதலாவது, சுருக்கப் பதிவுகளில் (அவை என்ன என்று அடுத்துச் சொல்கிறேன்) முதல் பதிவின் எண். இரண்டாவது, கடைசிச் சுருக்கப் பதிவின் எண். மூன்றாவது, 85ஆவது பைட்டிலிருந்து 88வரை இருப்பது: கோப்பில் அடுத்த காலி இடத்தின் முகவரி. புதிதாக எழுத வருகிறவர் 'எங்கே எழுதலாம்?' என்று கேட்டால் கோப்பு சொல்லும் பதில் இந்த நான்கு பைட்டில் இருக்கிறது.

பாதைத் தரவு செக்மென்ட் என்ற துண்டுகளாகக் கோப்பில் இருக்கும். ஒவ்வொரு செக்மென்டுக்கும் ஒரு சுருக்கம் உண்டு. அதில் இரண்டு இரட்டைத் துல்லிய எண்கள்: செக்மென்ட் எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம்வரை பொருந்தும். ஆறு முழு எண்கள்: யாருடைய பாதை, எதை மையமாக வைத்து, எந்த ஆயச் சட்டகத்தில், எந்த வகைத் தரவு, கோப்பில் எந்த முகவரியில் தொடங்கி எந்த முகவரியில் முடிகிறது. முகப்பில் பார்த்த 2, 6 இவைதாம். ஆறு முழு எண்களை மூன்று இரட்டை எண்களுக்கான இடத்தில் நெருக்கி வைத்தால் ஒரு சுருக்கம் ஐந்து இடங்களில் அடங்கிவிடும். சுருக்கப் பதிவின் 128 இடங்களில் மூன்று நிர்வாகத்துக்குப் போய்விடும்: அடுத்த சுருக்கப் பதிவு எது, முந்தையது எது, இதில் எத்தனை சுருக்கம் இருக்கிறது. மிச்சம் 125. ஐந்தால் வகுத்தால் 25. அதாவது ஒரு சுருக்கப் பதிவில் 25 செக்மென்ட். தினம் ஒரு செக்மென்ட் சேர்த்துக்கொண்டே போனால் 26ஆம் நாள் கோப்பின் கடைசியில் புதிய சுருக்கப் பதிவு ஒன்றை ஏற்படுத்தி, பழையதன் 'அடுத்தது' என்ற இடத்தில் அதன் எண்ணை எழுத வேண்டும். ஓராண்டு முடியும்போது பதினைந்து சுருக்கப் பதிவுகள் ஒன்றையொன்று முன்னும் பின்னும் கைகோத்து நிற்கும்.

'கேட்' கட்டளை ஏன் தோற்றது என்று இப்போது விளங்கும். சுருக்கத்தில் பெயர் ஏறாத தரவு கோப்பில் இல்லாத தரவுதான்.

இனி, சேர்ப்பது எப்படி? உண்மையான எண்களோடு பார்ப்போம். செவ்வாயைச் சுற்றும் ஒரு கலம். நிமிடத்துக்கு ஒரு முறை அதன் நிலை நமக்குத் தெரியும். நிலை என்றால் இருப்பிடத்துக்கு மூன்று எண், திசைவேகத்துக்கு மூன்று எண், ஆக ஆறு. ஒரு நாளுக்கு, நள்ளிரவு முதல் மறு நள்ளிரவுவரை இரு முனைகளையும் சேர்த்து 1441 நிலைகள். சம இடைவெளியில் இருப்பதால் 8ஆம் வகைச் செக்மென்ட் பொருந்தும். அதில் 1441 நிலைகளும், கடைசியில் நான்கு எண்களும் இருக்கும்: முதல் நிலையின் நேரம், இடைவெளி, பல்லுறுப்புக் கோவையின் படி, மொத்த நிலைகள். கூட்டினால் 8650 எண்கள், 69,200 பைட். ஒரு நாளுக்கு இவ்வளவுதான்.

எஸ்பிகே-ஓபிஏ என்று அழைத்தால் பழைய கோப்பு எழுதுவதற்காகத் திறக்கும். கோப்பு இல்லையென்றால் எஸ்பிகே-ஓபிஎன். அது புதிய கோப்பை மட்டுமே உருவாக்கும், அதே பெயரில் கோப்பு இருந்தால் கையை விரித்துவிடும். இந்த இரண்டையும் ஒரே துணைநிரலாக வைக்காததை நான் மெச்சுகிறேன். இருந்தால் திற, இல்லாவிட்டால் உருவாக்கு என்று தானாக முடிவுசெய்யும் நிரல்கள்தான் பெயரில் ஓர் எழுத்துப் பிசகியதும் சத்தமில்லாமல் வேறொரு கோப்பைப் பிறப்பித்துவிட்டுப் போகின்றன.

அடுத்து எஸ்பிகே-டபிள்யூ08. இதுதான் எழுதும் நிரல். யார், எதைச் சுற்றி, எந்தச் சட்டகம், எப்போதிலிருந்து எப்போதுவரை, 40 எழுத்துக்குள் ஒரு பெயர், படி, எத்தனை நிலை, நிலைகளின் அணி, முதல் நேரம், இடைவெளி என்று எல்லாவற்றையும் கொடுத்தால் உள்ளே மூன்று கட்டமாக வேலை நடக்கிறது. முதலில் 'புதிய அணி தொடங்குகிறது' என்று குறித்துக்கொள்ளும். பின் காலி முகவரியிலிருந்து எண்களை வரிசையாக எழுதும். இந்தக் கட்டத்தில் முகப்பிலுள்ள காலி இடச் சுட்டியைத் தொடாது. கடைசியாக 'முடிந்தது' என்று சொன்ன பிறகுதான் சுருக்கம் ஏறும், முகப்பும் புதுப்பிக்கப்படும். இடையில் நிரல் விழுந்துவிட்டால் என்னாகும்? எழுதிய எண்கள் கோப்பின் வாலில் கிடக்கும், ஆனால் கோப்பைப் பொறுத்தவரை அவை இல்லை. அடுத்தமுறை சேர்க்கும்போது அவற்றின் மேலேயே எழுதப்படும். பழைய தரவுக்குச் சேதமில்லை. தரவை முதலில் எழுதி, அதன் இருப்பைக் கடைசியில் அறிவிக்கும் இந்த ஒழுங்கு இன்றைய தரவுத்தளங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஒழுங்குதான்.

முடிவில் எஸ்பிகே-சிஎல்எஸ். மூட வேண்டும். நிரல்தான் முடிந்துவிட்டதே, தானாக மூடிக்கொள்ளாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. பல சமயம் மூடிக்கொள்ளும். ஆனால் ஃபோர்ட்ரான் எழுதுகிற எண்கள் உடனே வட்டுக்குப் போவதில்லை, இடையில் தாங்கிகளில் நிற்கும். முறையாக மூடாமல் நிரல் செத்தால் எது வட்டுக்குப் போனது, எது போகவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. சுருக்கம் போய்த் தரவு போகாமல் இருந்தால் அதைவிட மோசம் வேறில்லை. எழுதும் கோப்பை மூடிவிட்டு, பிறகு படிப்பதற்காகத் திறந்து பாருங்கள்.

இதுவரை சொன்னது கையேட்டிலும் இருக்கிறது. கையேட்டை ஒருமுறை படித்துவிட்டு வேலையில் இறங்குகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் தையல். இரண்டு நாட்கள் சேரும் இடம்.

திங்கட்கிழமைக்கு 00:00 முதல் 23:59 வரை 1440 நிலைகளை எழுதுகிறீர்கள். செவ்வாய்க்கிழமைக்கு மறுபடி 00:00 முதல் 23:59 வரை. நாள்காட்டியைப் பார்த்தால் ஒரு நிமிடமும் விடுபடவில்லை. ஆனால் ஸ்பைஸைப் பொறுத்தவரை திங்களின் செக்மென்ட் 23:59:00க்கு முடிந்துவிட்டது, அடுத்தது 00:00:00க்குத்தான் தொடங்குகிறது. நடுவே அறுபது வினாடி பள்ளம். 23:59:30க்குக் கலம் எங்கே என்று யாராவது கேட்டால் 'போதிய தரவு இல்லை' என்று பிழை வரும். இரண்டு நிலைகளுக்கு நடுவே உள்ள நேரத்துக்கு விடை கணக்கிடும் இடைச்செருகல் ஒரு செக்மென்டுக்குள்தான் நடக்கும். பக்கத்துச் செக்மென்டிலிருந்து ஒரு புள்ளியைக் கடன் வாங்கிக்கொள்ளாது. ஓராண்டில் இப்படி முந்நூற்றுச் சொச்சம் பள்ளங்கள். பெரும்பாலும் யாரும் கேட்காத நேரத்தில் இருக்கும். கேமரா ஒருநாள் நள்ளிரவுக்கு அரை நிமிடம் முன்பு படம் எடுக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

அதனால்தான் 1441 என்றேன். மறு நாளின் முதல் நிலையை இந்த நாளின் கடைசி நிலையாகவும் எழுத வேண்டும். முனைகள் தொட்டுக்கொண்டால் பள்ளம் இல்லை.

இது போதுமா? போதாது. 8ஆம் வகையில் படி 7 என்று வைத்தால், கேட்ட நேரத்தைச் சுற்றி எட்டு நிலைகளை எடுத்து, முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று வைத்துக் கணக்கிடும். செக்மென்டின் விளிம்பில் பின்னால் நான்கு நிலைகள் இருக்காது. அப்போது கடைசி எட்டை எடுத்துக்கொண்டு ஓரமாக இருக்கும் நேரத்துக்கு விடை சொல்லும். எண்முறைப் பகுப்பாய்வு படித்தவர்களுக்குத் தெரியும், இடைச்செருகல் கோவை நடுவில் சாதுவாக இருக்கும், ஓரங்களில் துள்ளும். விளைவு, ஒவ்வொரு நள்ளிரவிலும் பாதை லேசாக நெளியும். பிழைச்செய்தியே வராத பிழை இது. மருந்து மலிவானது. தரவில் இரண்டு பக்கமும் நான்கு நிமிடம் அதிகம் கொடுங்கள். செக்மென்ட் பொருந்தும் காலத்தை மட்டும் நள்ளிரவு முதல் நள்ளிரவுவரை என்று அறிவியுங்கள். அறிவித்த காலத்தைவிடத் தரவு அகலமாக இருக்க ஸ்பைஸ் அனுமதிக்கிறது. கூடுதல் எட்டு நிலைகள், 48 எண்கள், 384 பைட். இவ்வளவு சின்னச் செலவைச் செய்யாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

அடுத்தது இன்னும் பெரிய விஷயம். ஒரே நேரத்துக்கு இரண்டு செக்மென்டில் பதில் இருந்தால் எதை எடுப்பது? கோப்பில் பின்னால் இருப்பதை. விதி அவ்வளவுதான். எது துல்லியமானது என்று ஸ்பைஸுக்குத் தெரியாது. கடைசியாக வந்தது எதுவோ அதை நம்பும். பல கோப்புகளை ஏற்றினாலும் இதே கதை, கடைசியாக ஏற்றியதற்கே முன்னுரிமை.

இந்த விதி எவ்வளவு வசதி என்று பாருங்கள். உள்ளே இருக்கும் எண்ணைத் தேடிப்பிடித்து அழிக்க வேண்டியதில்லை. திருத்திய பாதை வந்தால் வாலில் சேர்த்துவிட்டால் போதும், பழையது தானாக மறைந்துவிடும். நம் கடைக் கணக்கர்கள் பேரேட்டில் தப்பாக எழுதியதை அழிக்காமல் கீழே திருத்தப் பதிவு போடுவார்களே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் பேரேட்டைப் புரட்டும் கணக்கருக்கு எது திருத்தம் என்று தெரியும். இங்கே படிப்பது நிரல். இப்போது இப்படி யோசியுங்கள். திங்கள் முதல் வெள்ளிவரை நடந்த பாதையை அளவுகளை வைத்து உறுதிசெய்து கோப்பில் சேர்த்தாயிற்று. பிறகு ஒருவர், போன வாரமே போட்டுவைத்த கணிப்புத் தரவு கையில் இருக்கிறதே, அடுத்த வாரத்துக்கு உதவுமே என்று அதைக் கடைசியில் சேர்க்கிறார். அந்தக் கணிப்பு புதன்கிழமையிலிருந்து தொடங்குகிறது. அந்தக் கணத்திலிருந்து புதன், வியாழன், வெள்ளிக்குக் கேட்டால் கோப்பு கணிப்பைத்தான் சொல்லும். உறுதிசெய்த பாதை உள்ளேயே இருக்கிறது, ஒரு பைட்கூட மாறவில்லை. ஆனால் யாரும் இனி அதைப் பார்க்கப்போவதில்லை. பிழைச்செய்தி? கிடையாது. விதிப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது.

எனவே சேர்ப்பவர் சேர்க்கும் தரவைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது. ஏற்கெனவே இருப்பதில் எதையெல்லாம் தான் மூடப்போகிறோம் என்று பார்க்க வேண்டும். ஸ்பைஸோடு வரும் பிரீஃப் என்ற சிறு கருவி கோப்பில் யாருடைய பாதை எப்போதுவரை இருக்கிறது என்று காட்டும். சேர்ப்பதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இனி நேரம். ஸ்பைஸில் நேரம் என்றால் 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து எண்ணிய வினாடிகள், ஒரு சீரான நேர அளவையில். நம் கடிகார நேரத்தில் அவ்வப்போது நெட்டை வினாடி (லீப் செகண்ட்) ஒன்றைச் செருகுவார்கள். 2016 டிசம்பர் 31ஆம் தேதி கடைசியாகச் செருகினார்கள். இந்த அளவையில் அது கிடையாது. இரண்டுக்கும் இப்போதைய வித்தியாசம் ஏறத்தாழ 69.184 வினாடி. இந்த மாற்றத்தைக் கையால் போடாதீர்கள், அதற்கென்று இருக்கும் நெட்டை வினாடிக் கோப்பை ஏற்றி ஸ்பைஸிடமே விட்டுவிடுங்கள்.

ஆனால் ஃபோர்ட்ரானுக்கே உரிய ஒரு பொறியை ஸ்பைஸ் தடுக்க முடியாது. 2025 ஜனவரி 1 நள்ளிரவு, உலகப் பொது நேரப்படி, இந்த அளவையில் 788961669.184 வினாடி. இதை நிரலில் அப்படியே எழுதி, இரட்டைத் துல்லிய மாறியில் போடுகிறீர்கள். மாறி இரட்டைத் துல்லியம்தானே, கவலை என்ன? எண்ணின் கடைசியில் 'டி0' என்று எழுதாததால் ஃபோர்ட்ரான் அதை ஒற்றைத் துல்லிய எண்ணாக எடுத்துக்கொள்ளும். அந்த அளவில் ஒற்றைத் துல்லியம் 64 வினாடிக்கு ஒரு படியாகத்தான் எண்ண முடியும். உங்கள் எண் 788961664 ஆகிவிடும். ஐந்து வினாடிக்குமேல் போயிற்று. செவ்வாயைத் தாழ்வாகச் சுற்றும் கலம் வினாடிக்குச் சுமார் 3.4 கிலோமீட்டர் போகும். பாதையில் 17 கிலோமீட்டருக்குமேல் பிசகு. சரியாக 'டி0' சேர்த்து எழுதினால் அதே இடத்தில் நேரத்தை வினாடியில் கோடியில் ஒரு பங்களவு வரை பிரித்தறியலாம். ஓர் எழுத்தும் ஒரு பூச்சியமும் செய்கிற வித்தியாசம் இது.

அலகும் அப்படித்தான். எஸ்பிகே கோப்பில் கிலோமீட்டர், வினாடிக்குக் கிலோமீட்டர் என்பது ஒப்பந்தம். அலகைக் குறிக்க கோப்பில் இடமே கிடையாது. மீட்டரில் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். 1999 செப்டம்பர் 23ஆம் தேதி மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததற்கு மூலகாரணம் தரைக் கட்டுப்பாட்டு மென்பொருளின் கோப்பொன்றில் நியூட்டன்-வினாடிக்குப் பதில் பவுண்டு-வினாடியில் எண்கள் இருந்ததே. 4.45 மடங்கு வித்தியாசம். அது எஸ்பிகே கோப்பு அல்ல, வேறு வகைக் கோப்பு. ஆனால் அலகு எழுதாத கோப்பு எதுவாக இருந்தாலும் அந்த விபத்துக்குக் கதவு திறந்துதான் இருக்கிறது.

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சன் இயந்திரத்தில் உருவான கோப்பில் பைட்டுகளின் வரிசை இன்றைய கணினிக்கு நேர்மாறு. அதைப் படிக்க ஸ்பைஸ் தானே மாற்றிக்கொள்ளும், சேர்க்க விடாது. முதலில் பிங்கோ என்ற கருவியால் உங்கள் இயந்திரத்தின் வரிசைக்கு மாற்ற வேண்டும். எட்டெட்டு பைட்டாகத் திருப்பிப்போட்டால் போதும் என்று நீங்களே நிரல் எழுதாதீர்கள். சுருக்கத்தில் முழு எண்கள் இரண்டிரண்டாக நெருக்கி வைக்கப்பட்டிருப்பது நினைவிருக்கட்டும். அவற்றை நான்கு நான்காகத் திருப்ப வேண்டும். இன்னொன்று, முகப்பில் 28 பைட் நீளத்தில் ஒரு சோதனைச் சரம் இருக்கிறது. பைனரிக் கோப்பை யாராவது எஃப்டிபியில் எழுத்துக் கோப்பாக அனுப்பிக் கெடுத்திருந்தால் திறந்தவுடன் காட்டிக்கொடுப்பது அதன் வேலை. ஃபோர்ட்ரானே வேண்டாம் என்பவர்களுக்கு எம்கேஎஸ்பிகே என்ற ஆயத்தக் கருவி உண்டு; அதன் அமைப்புக் கோப்பில் 'வெளியீட்டில் சேர்' என்பதற்கு ஆம் என்று எழுதினால் இதே வேலையைச் செய்யும். நான் சொன்ன பள்ளமும் விளிம்பு நெளிவும் அதிலும் வரும்.

குறிப்புப் பகுதியைச் சில்லறை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. முகப்புக்கும் தரவுக்கும் நடுவில் எழுத்தாகக் குறிப்பெழுத இடம் உண்டு. யார் எழுதியது, எந்த அளவுகளிலிருந்து, எப்போது, எதற்குப் பதிலாக. தரவு சேர்க்கிறவர்களில் பலர் இதைத் தொடுவதே இல்லை. விளைவாக, கோப்பில் முந்நூறு நாள் தரவு இருக்கும், குறிப்பு முதல் நாளோடு நின்றிருக்கும். பிறகு எழுதலாம் என்றால் அதிலும் ஒரு சங்கடம்: ஒதுக்கிய இடம் போதாவிட்டால், குறிப்புக்கு இடம் தர அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பதிவுகளையும் நகர்த்த வேண்டும். கோப்பைத் தொடங்கும்போதே எத்தனை எழுத்துக்கு இடம் வேண்டும் என்று எஸ்பிகே-ஓபிஎன் கேட்கும். அங்கே பூச்சியம் போடாதீர்கள், தாராளமாகப் போடுங்கள்.

கடைசியாக, எந்தக் கோப்பில் சேர்க்கலாம், எதில் சேர்க்கக் கூடாது என்பது. உங்கள் மேசையில் இருக்கும் கோப்பில் தினமும் சேருங்கள், தடையில்லை. வெளியே கொடுத்த கோப்பில் சேர்க்காதீர்கள். ஒருவர் ஜனவரியில் அதை இறக்கிக்கொண்டார், இன்னொருவர் மார்ச்சில். பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு. இருவரும் ஒரே படத்துக்கு இரண்டு இடத்தைக் கணக்கிட்டு ஆய்வுக்கட்டுரை எழுதுவார்கள். இரண்டுமே அந்தக் கோப்பைத்தான் சான்றாகச் சொல்லும். காசினியின் காப்பகத்தைப் பாருங்கள். அங்கே ஒரு பாதைக் கோப்பின் பெயர் 041014 என்று தொடங்குகிறது, வெளியிட்ட நாள் 2004 அக்டோபர் 14. அடுத்து உறுதிசெய்த பாதை என்பதற்கு 'ஆர்'. கடைசியில் 2001இன் 66ஆம் நாள் முதல் 2004இன் 199ஆம் நாள்வரை என்ற குறிப்பு. பெயரைப் படித்தாலே எது எப்போது வந்தது என்று தெரிந்துவிடும். வெளியிட்ட நாளே பெயரில் இருப்பதால் திருத்தம் வந்தால் அது வேறு பெயரோடுதான் வர முடியும். சேர்க்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது என்பதற்காக வெளியான கோப்பில் அதைப் பயன்படுத்துவது தவறு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நைஃப் குழுவின் கருவித்தொகுப்பு இலவசம். ஃபோர்ட்ரான் மூலநிரலோடு கிடைக்கிறது. ஒவ்வொரு துணைநிரலின் தலைப்பிலும் அதன் வேலை, வரக்கூடிய பிழைகள் எல்லாம் விரிவாக எழுதியிருக்கும். வீட்டுக்குப் போனதும் எஸ்பிகே-டபிள்யூ08இன் தலைப்பை முழுதாகப் படியுங்கள். பிறகு ஏதாவது ஒரு பாதையை இரண்டு நாளாக வெட்டி, ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து, நள்ளிரவுக்கு முப்பது வினாடி முன்பு கலம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். வந்த விடையை மூலத்தோடு ஒப்பிட்டு, அடுத்த முறை சந்திக்கும்போது என்னிடம் சொல்லுங்கள்.